பத்துக்கு மூன்று

மார்ச் 4

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

நலமா என்று ஒரு வரி எழுதிவிட்டு அதை அடித்துவிட்டேன். கேட்டால் 'பரவாயில்லை' என்றுதான் பதில் வரும். ஒற்றைத் தலைவலி மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும்போது, பத்துக்கு எத்தனை வலி என்று கேட்டாலும் நீங்கள் சொல்வது ஒரே எண்தான்: மூன்று. கட்டில் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பெண்டாட்டியிடமே மூன்று என்று சாதித்தவர், கடிதத்தில் உண்மையையா எழுதப்போகிறார்?

இதென்ன திடீரென்று காகிதம் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் நாலாவது வார்த்தையில் நமக்குள் முட்டிக்கொள்கிறது. செல்போன் திரையின் வெளிச்சமோ உங்களுக்கு ஆகவே ஆகாது. ஆகவே, தனித்தனி ஊரில் இருக்க ஆரம்பித்த பிறகு முதல்முறையாகப் பேனாவை எடுத்திருக்கிறேன்.

விஷயம் இரண்டு. ஒன்று, வீடு மாற்றினேன். ஆய்வகத்துக்குப் பின்தெருவில், நாலாம் மாடி. லிஃப்ட் இருக்கிறது, ஓடுவதில்லை. நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம். சாமான்களைப் பிரித்தபோது பாத்திர மூட்டைக்குள் உங்கள் நீல பேசின் இருந்தது. வலி வந்தால் வாந்திக்காகக் கட்டிலடியில் வைப்போமே, விளிம்பில் விரிசல் விட்டது, அதேதான். என்னோடு எப்படி வந்தது என்று தெரியவில்லை. அனுப்பட்டுமா?

இரண்டாவது, என் உருண்டைகள் ஒட்டுகின்றன!

மாத்திரை போட்டால் உங்களுக்கு அது வாந்தியோடு போய்விடும். மூக்கில் அடிக்கும் திரவ மருந்தை வாங்கித் தந்தேன், அது தொண்டைக்குள் வழிந்து கசந்ததுதான் மிச்சம். மூக்கின் உள்ளே இருக்கும் கண்ணுக்குத் தெரியாத முடிகள் ஓயாமல் பெருக்கிக்கொண்டே இருக்கின்றன. எதை ஊற்றினாலும் கால் மணி நேரத்தில் தொண்டைப் பக்கம் தள்ளிவிடும். மருந்து இரத்தத்துக்குள் இறங்க அவகாசமே கிடைப்பதில்லை. அதனால்தான் தூளாகச் செய்யலாம் என்று இறங்கினேன். இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் என்ற பொருளுக்குள் மருந்தை அடைத்து, தலைமுடியின் பருமனில் பாதிகூட வராத உருண்டைகளாக்குகிறேன். ஈரம் பட்டதும் அவை உப்பி, கூழ் மாதிரியாகி, மூக்கின் உள்தோலில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியபடியே மருந்தை உள்ளே விடும். சொல்ல நாலு வரிதான். இங்கே வந்ததிலிருந்து இதோடுதான் மல்லுக்கட்டுகிறேன்.

ஒட்டுகிறதா என்று பார்க்க ஆட்டு மூக்கின் உள்தோல் வேண்டும். காலையில் கறிக்கடைக்கு முதல் ஆளாக நான்தான் போய் நிற்கிறேன். கடைக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு நேற்றுக் கேட்டேவிட்டார்: "ஏம்மா, தொடை கேக்குறாங்க, ஈரல் கேக்குறாங்க. நீங்க மட்டும் ஏன் மூக்கு மூக்குன்னு வந்து நிக்கிறீங்க?"

"ஆராய்ச்சிக்குண்ணே."

"அப்படி என்னதான் கண்டுபிடிச்சீங்க? ஆட்டுக்குச் சளியா?"

கடையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். மூக்கை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தத் தோலைக் கண்ணாடித் தகட்டில் கட்டி, மேலே தூளைத் தூவி, வெதுவெதுப்பான நீரில் ஏற்றி இறக்கி ஆட்டிப் பார்க்கிறோம், உங்கள் லிஃப்ட் மாதிரி. பாதி உருண்டைகள் நிற்கின்றன, பாதி விழுந்துவிடுகின்றன. பாதி எனக்குப் போதாது.

பயப்படாதீர்கள். கோபத்தில் நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய விவாகரத்து மனுவைக் கேட்டு இதை எழுதவில்லை. உங்களுக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது கையெழுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
மூக்கோடு மாரடிப்பவள்


மார்ச் 21

அன்புள்ள மூக்குக்காரிக்கு,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் வக்கீல் விவகாரம் என்று நினைத்து, சாப்பிட்டு முடிக்கும்வரை பிரிக்கவில்லை. உள்ளே ஆட்டு மூக்கு இருந்தது. நல்லவேளை, முதலில் சாப்பிட்டேன்.

நான் பரவாயில்லை. நீ ஒரு முழுப் பத்தி எழுதி மடக்கினாலும் வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. வேலை அதே வேலைதான். கட்டிடங்களின் உச்சியில் இருக்கும் மோட்டார் அறைகள்தான் எனக்கு ராசி. ஜன்னல் கிடையாது, கதவைச் சாத்தினால் கும்மிருட்டு, மோட்டார் நின்றுவிட்டால் சத்தமும் இல்லை. தலை கனக்கும் நாட்களில் கிரீஸ் டப்பா மேல் உட்கார்ந்து சுவரில் நெற்றியை வைத்துக்கொள்கிறேன். சிமெண்ட் சுவர் குளிர்ச்சியாக இருக்கும்.

போன வாரம் ஓர் அலுவலகக் கட்டிடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஓர் அம்மா. நான் படியேறும்போதே, வலி வரப்போகும் அடையாளமாக, இடது கண்ணில் மின்ன ஆரம்பித்தது. அந்தக் கண்ணை மூடிக்கொண்டு, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றி லிஃப்டைத் தளத்துக்குக் கொண்டுவந்து, கீழே இறங்கிப் போய்க் கதவைத் திறந்துவிட்டேன். அந்த அம்மா வெளியே வந்ததும், "ஒரு கதவத் தொறக்க இவ்வளவு நேரமாய்யா?" என்று பிடித்துக்கொண்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். பதில் வரவில்லை, என் ஸ்பேனர் பைக்குள் வாந்திதான் வந்தது. பாவம், அந்த அம்மா தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போனார்.

மேலாளர் காதுக்குப் போய்விட்டது. கூப்பிட்டுச் சொன்னார்: "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உன்ன மேல ஏத்த மாட்டேன்பா. கீழ போன் எடுக்குற நாற்காலிதான். ஏதாவது ஒண்ணு ஆனா நான்ல பதில் சொல்லணும்?" அவர் சொல்வது நியாயம்தான். அதற்காக நான் நாற்காலிக்குப் போகமாட்டேன்.

உன் உருண்டைக்கு ஒரு யோசனை. பிரேக்கில் பிடிப்புக் குறைந்தால் நாங்கள் ஸ்பிரிங்கை இறுக்குவோம். நீயும் உன் சரக்கை நன்றாக இறுக்கிப் பார், பிடித்துக்கொள்ளும்.

பேசினை நீயே வைத்துக்கொள், இங்கே வாளி இருக்கிறது. மனு என் டூல் பெட்டியின் அடித்தட்டில், எண்ணெய்க் கறை படாமல் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. அதற்கு இப்போது என்ன அவசரம்?

இப்படிக்கு,
லிஃப்ட்காரன்


மே 9

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

உங்கள் யோசனையால் ஒரு தொகுதி முழுக்க நாசம்.

உருண்டை கரைந்து போகாமல் இருக்க ஒரு கெட்டிப்படுத்தும் மருந்து சேர்ப்போம். ஏற்கெனவே எனக்கும் அந்தச் சபலம் இருந்தது, நீங்கள் வேறு தூபம் போட்டீர்கள், அளவைக் கூட்டினேன். உருண்டைகள் மணல் மாதிரி ஆகிவிட்டன. நீரில் உப்பவே இல்லை. உப்பாதது எப்படி ஒட்டும்? ஆட்டு மூக்கிலிருந்து பொலபொலவென்று உதிர்ந்தன. இனிமேல் லிஃப்டை நீங்கள் பாருங்கள், மூக்கை என்னிடம் விடுங்கள்.

பிறகு எதிர்ப்பக்கம் போனேன். கெட்டிப்படுத்துவதைக் குறைத்துக் குறைத்து, இதற்கு மேல் குறைத்தால் உருண்டையே நிற்காது என்கிற இடம்வரை போனேன். ஒட்டியது. துள்ளிக் குதித்தேன். மறுநாள் மழை. டப்பாவைத் திறந்தால் அத்தனையும் காற்றின் ஈரத்தைக் குடித்து ஒரே கட்டியாகக் கிடக்கிறது! கரண்டியால் தட்டினால் டங்கென்று சத்தம் வருகிறது. என் உதவியாளர் அதைப் பார்த்து, "மேடம், இத யாரோட மூக்குல போடப்போறோம்?" என்று கேட்டாள். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் ஒன்று வாங்கித் தரச் சொல்லி நிர்வாகியின் அறை வாசலில் தினமும் போய் நின்றேன். காலையில் அவர் வரும்போதும் நான், சாயங்காலம் போகும்போதும் நான். கடைசியில், "உங்க மூஞ்சியப் பாக்குறதுக்கு அந்த மிஷினே வாங்கிக் குடுத்திடலாம்" என்று கையெழுத்துப் போட்டார். இப்போது அந்த அறையில் அப்பளம்கூட நமுத்துப்போகாது.

இன்று எண்ணிப் பார்த்தோம். பத்தில் ஒன்பது உருண்டைகள் நிற்கின்றன. அளவும் சரியாக வந்திருக்கிறது. ரொம்பப் பொடியாக இருந்தால் நுரையீரலுக்குப் போய்விடும், பெரிதாக இருந்தால் மூக்கின் வாசலிலேயே விழுந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் பிடித்துவிட்டோம். ஊரில் எத்தனையோ பேருக்குச் சொன்னேன். முதலில் சொல்ல நினைத்தது உங்களுக்கு.

அந்த ஸ்பேனர் பை விஷயத்தை வேடிக்கையாக எழுதியிருந்தீர்கள். எனக்கு வேடிக்கையாக இல்லை. கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தால் என்ன செய்வீர்கள்? அன்று பத்துக்கு எத்தனை? ஒழுங்காகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கவலையோடு, உங்கள் மூக்குக்காரி


ஜூன் 2

அன்புள்ள மூக்குக்காரிக்கு,

பத்தில் ஒன்பது என்பதைப் படித்துவிட்டு, மோட்டார் அறையில் தனியாக நின்று கைதட்டினேன். நீ பிடித்த பிடியை விடமாட்டாய் என்று எனக்குத் தெரியும். அந்த நிர்வாகிக்குத்தான் தெரியவில்லை, பாவம்.

அன்று பத்துக்கு மூன்று.

முறைக்காதே. ஏன் எப்போதும் மூன்று என்று கேட்டால் சொல்லிவிடுகிறேன், இத்தனை தூரத்திலிருந்து சொல்வது சுலபமாக இருக்கிறது. எனக்கு வலி வந்தால் நீ கையில் கடிகாரமும் நோட்டுமாகக் கட்டில் பக்கத்தில் வந்து நிற்பாய். எப்போது ஆரம்பித்தது, எந்தக் கண்ணில் மின்னியது, எத்தனை முறை வாந்தி, எல்லாம் எழுதுவாய். எனக்காகத்தான் எழுதினாய். அது தெரியாத முட்டாள் இல்லை நான். ஆனால் அந்த நேரத்தில் மனுஷனுக்கு வேண்டியது பேசினைப் பிடிக்க ஒரு கை. மூன்று என்று சொன்னால் நீ நோட்டை மூடுவாய், அதற்காகச் சொல்லிப் பழகிவிட்டேன்.

கடைசியில் எனக்கு என் வீட்டில் நோயாளி வேலை மட்டும்தான் இருந்தது. நீ அந்த ஊர் ஆய்வகத்துக்குப் போகிறேன் என்றபோது நான் கூட வராததற்குக் காரணம் லிஃப்ட் வேலை அல்ல.

இதற்கு நீ பதில் எழுத வேண்டும் என்றில்லை.

இப்படிக்கு,
லிஃப்ட்காரன்


ஜனவரி 11

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

இந்த இரண்டரை வருடத்தில் நாம் எழுதிக்கொண்டதை எல்லாம் சேர்த்தால் மழை, மோட்டார், காய்ச்சல், உங்கள் அக்காவின் முழங்கால், அவ்வளவுதான். நோட்டைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

இன்று வேறு செய்தி. எலிகளில் பார்த்தாயிற்று, முயல்களில் பார்த்தாயிற்று, ஆரோக்கியமான ஆட்களின் மூக்கிலும் ஊதிப் பார்த்தாயிற்று. கொஞ்ச நேரம் லேசாக எரிகிறது, தும்மல் வருகிறது, வேறு தொந்தரவு இல்லை. இனி நிஜமான ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்று நெறிமுறைக் குழு அனுமதித்துவிட்டது! அதன் தலைவி ஓய்வுபெற்ற மருத்துவர். கேள்வி கேட்டே ஆளை வற்றவைத்துவிடுவார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

வலி தொடங்கியதும் ஒரு சின்னக் குழாயை மூக்கில் வைத்து அழுத்தினால் தூள் உள்ளே போகும். பாதிப் பேருக்கு மருந்துள்ள உருண்டை, பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் உருண்டை. யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பத்துக்கு எத்தனை வலி என்று அவர்களே குறித்து அனுப்ப வேண்டும். அந்த எண்ணை வைத்துத்தான் எல்லாமே.

ஆனால் ஒரு விதி இருக்கிறது. ஆய்வு செய்கிறவர்களின் நெருங்கிய உறவினர்கள் யாரும் இதில் சேரக் கூடாது. அதைப் படித்ததும் பேனாவைத் தூக்கி எறிந்தேன். யாருக்காக இதை ஆரம்பித்தேனோ அவருக்கு மட்டும் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். மார்ச் முடிய ஆட்களைச் சேர்க்கலாம். ஊர்பேர் தெரியாதவர்களை எல்லாம் வாங்க வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். வயிறு எரிகிறது.

உங்கள் போன கடிதம் ரொம்பச் சுருக்கம். வேலை எப்படிப் போகிறது?

இப்படிக்கு,
உங்கள் மூக்குக்காரி


ஜனவரி 30

அன்புள்ளவளுக்கு,

வேலை எப்படி என்று கேட்டிருந்தாய். நவம்பரிலிருந்து நான் நாற்காலியில் இருக்கிறேன். சொல்லவில்லை. ஒரு மருத்துவமனை லிஃப்டின் மேல்தட்டில் நின்று கம்பியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது வலி வந்தது. உட்கார்ந்தவனால் எழ முடியவில்லை. என்னோடு வந்திருந்த எலெக்ட்ரீஷியன்தான் இடுப்பில் கயிறு கட்டி இறக்கினான். அன்று சாயங்காலமே மேலாளர் என் டூல் பெட்டியை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். பரவாயில்லை.

அலமாரியைத் திறக்கச் சொல்லி மனுவை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உறவினர் சேரக் கூடாது, மார்ச் முடியக் கெடு. நீ வாய்விட்டுக் கேட்கத் தயங்கியிருக்கிறாய், எனக்குப் புரிந்துவிட்டது. இத்தனை வருடம் அதை நான் பிளாஸ்டிக் உறையில் வைத்துப் பாதுகாத்தது என் பிடிவாதம். இத்துடன் கையெழுத்துப் போட்டு இணைத்திருக்கிறேன். எல்லாப் பக்கத்திலும் போட்டிருக்கிறேன், சரிபார்த்துக்கொள். நீதிமன்றத்தில் கொடுத்துவிட்டால் நான் உனக்கு யாரோ ஒருவன். அப்புறம் முதல் ஆளாக என் மூக்கை எழுதிக்கொள்.

நான் திரும்ப மேலே போயாக வேண்டும். அதற்கு உன் மருந்து வேண்டும். அதற்கு என்ன விலை என்றாலும் கொடுக்கிறேன். உனக்கும் என்னால் ஒரு பாரம் குறையும்.

ஒன்றும் மனதில் வைத்துக்கொள்ளாதே.

இப்படிக்கு,
(இனி என்ன போடுவது என்று தெரியவில்லை)


பிப்ரவரி 24

அன்புள்ளவளுக்கு,

பதிவுத் தபாலில் அனுப்பியது கிடைத்ததா? பதில் இல்லை. கெடு நெருங்குகிறது, அதனால் கேட்கிறேன்.

இங்கே நாள் முழுக்கப் போன் அடிக்கிறது. எல்லாரும் எங்கேயோ மாட்டிக்கொண்டவர்கள். "பயப்படாதீங்க, கதவத் தள்ளாதீங்க, காத்து உள்ள வரும், ஆள் வந்துக்கிட்டே இருக்கு" என்று ஒரே பாட்டைப் பாடுகிறேன். போனை வைத்த பிறகு அடுத்த அறையில் யாராவது கிளம்பிப் போவார்கள். பையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் படியிறங்கும் சத்தம் கேட்கும்போது எனக்கு அழுகை வருகிறது. வேறு யாரிடமும் சொல்ல முடியாது, உன்னிடம் சொல்கிறேன்.

சீக்கிரம் எழுது.


மார்ச் 6

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உள்ளே இருந்ததும் கிடைத்தது. ஒரு மாதமாக அதை மேசை மேல் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தேன்.

முதலில் திட்டிவிடுகிறேன். நான் தயங்கி, ஜாடையாகக் கேட்கிற ஆளா? "என்னைக் கட்டிக்கிறீங்களா?" என்று உங்களிடம் பஸ் நிறுத்தத்தில் பத்துப் பேர் முன்னால் கேட்டவள் நான். விவாகரத்து வேண்டுமென்றால் அதையும் அப்படித்தான் கேட்டிருப்பேன். நான் எழுதியது புலம்பல். அதைக் கோரிக்கை என்று எடுத்துக்கொள்ள உங்களால் மட்டும்தான் முடியும்.

திட்டினாலும், உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு நெறிமுறைக் குழுத் தலைவியைப் பார்க்கப் போனேன். அந்தப் படியிறங்கும் சத்தம் என்னைத் தூங்கவிடவில்லை. அவர் எல்லாவற்றையும் படித்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு பேர் கையெழுத்தும் இருக்கு. பிரிஞ்சு இருக்குறதும் பல வருஷமா. கோர்ட்ல குடுத்ததுக்கு அத்தாட்சி கொண்டு வாங்கம்மா, குழுவுல பேசி நான் சேத்துக்கிறேன். அவருக்கும் நல்லதுதானே?"

அவ்வளவு சுலபம். ஒரு காலை நேரம் போதும். ஏப்ரலில் உங்கள் கையில் குழாய் இருந்திருக்கும். மருந்துள்ள பாதியில் உங்கள் பெயர் விழுந்தால், மே மாதம் நீங்கள் கூரை மேல் இருந்திருப்பீர்கள்.

நான் கொடுக்கவில்லை. கொடுக்கவும் மாட்டேன்.

காரணம் சொல்கிறேன், கேளுங்கள். நீங்கள் மூன்று என்று எழுதுவீர்கள். மருந்து வேலை செய்தாலும் மூன்று, உங்களுக்கு வெறும் உருண்டை கிடைத்து வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தாலும் மூன்று. எனக்கு நல்ல பெயர் வரட்டும் என்று எழுதுவீர்கள். இதில் சேர்ந்திருப்பவர்களில் ஒரு டீச்சர் இருக்கிறார், கரும்பலகை முன்னால் நிற்க முடியாமல் வேலையை விட்டவர். ஒரு பஸ் டிரைவர் இருக்கிறார். கைக்குழந்தைக்காரி ஒருத்தி, வலி வந்தால் குழந்தையைப் பக்கத்து வீட்டில் போட்டுவிட்டு இருட்டறைக்குள் போகிறாள். உங்கள் பொய் எண் அவர்கள் உண்மை எண்ணோடு கலந்துவிடும். நல்ல மருந்தாக இருந்தாலும் கெடும், கெட்ட மருந்தாக இருந்தாலும் தப்பிவிடும். என் வேலையில் இதைவிடப் பெரிய பாவம் எனக்குத் தெரியாது.

அது ஆய்வாளர் சொல்கிற காரணம். இன்னொன்றும் இருக்கிறது. மனுவில் உங்கள் கையெழுத்தைப் பார்த்தேன். எல்லாப் பக்கத்திலும், ஒரு பக்கம் விடாமல். இது நடந்துவிடுமோ என்று, நாம் பிரிந்திருக்கும் இந்த ஏழு வருடத்தில் முதல்முறையாகப் பயந்தேன்.

நேற்று ஆய்வாளர் உறுதிமொழிப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். சேர விரும்பியவர்களில் உங்களுக்கு உறவினர் உண்டா என்று கேட்டிருந்தது. ஆம் என்று எழுதினேன். என்ன உறவு என்று கேட்டிருந்த கோட்டில் கணவர் என்று எழுதினேன். தலைவி என்னை நிமிர்ந்து பார்த்தார். "நல்லா யோசிச்சீங்களா?" என்றார். "யோசிச்சுதான் மேடம்" என்றேன்.

மனுவை எங்கள் ஆய்வகத்தில் ஆட்டு மூக்குக் கழிவுகளைப் போடும் மஞ்சள் பையில் போட்டேன். சாயங்காலம் எரிக்க எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஆக, உங்களுக்கு மருந்து இல்லை. இது எல்லாச் சோதனையும் முடிந்து கடைக்கு வரும்வரை, எல்லாரையும் போல நீங்கள் காத்திருக்க வேண்டும். அதுவரை உங்கள் ஒவ்வொரு வலிக்கும் நான்தான் பொறுப்பு. என்னைத் திட்டலாம், வெறுக்கலாம். நான் மனம் மாறப்போவதில்லை.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


டிசம்பர் 14

அன்புள்ள உங்களுக்கு,

மார்ச்சுக்குப் பிறகு உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. உங்கள் அக்காவிடம் போனில் கேட்டேன். "இருக்கான், சாப்பிடுறான், வேலைக்குப் போறான். ஒம்பேர எடுத்தா எந்திரிச்சு வெளிய போயிடுறான்" என்றார். சரி, இருக்கிறீர்கள். அது போதும் என்று இருந்தேன். இன்று இருக்க முடியவில்லை.

நேற்று உறைகளைத் திறந்தார்கள். யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் உருண்டை என்று அப்போதுதான் எங்களுக்கே தெரியும். மருந்து கிடைத்தவர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு ஒரு மணி நேரத்துக்குள் வலி பாதிக்கு மேல் இறங்கியிருக்கிறது. வெறும் உருண்டைக்காரர்களில் நான்கில் ஒருவருக்குத்தான். வேலை செய்கிறது! உண்மையாகவே வேலை செய்கிறது! அந்த டீச்சருக்கு மருந்துதான் கிடைத்திருக்கிறது. எட்டு என்று தொடங்கி இரண்டில் முடித்திருக்கிறார். அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, ஈரம் உறிஞ்சும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அந்த இயந்திரம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

இனி இன்னும் பெரிய சோதனை, இன்னும் பல ஊர்களில். கடைக்கு வரச் சில வருடம் ஆகும். நான் விடப்போவதில்லை.

நோட்டைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு இப்போது பதில் சொல்கிறேன். உங்களுக்கு வலி வந்தால் எனக்குப் பயமாக இருக்கும். முகம் வெளுத்து, வேறு யாரோ மாதிரி ஆகிவிடுவீர்கள். கையில் பேனா இருந்தால் கை நடுங்காது. அதனால்தான் எழுதினேன். மருந்து கண்டுபிடிக்கும் எண்ணமெல்லாம் அப்புறம் வந்தது.

நீல பேசின் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. விரிசலைப் பசை போட்டு அடைத்துவிட்டேன். தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், ஒழுகவில்லை.

நீங்கள் பதில் போடாவிட்டாலும் நான் எழுதுவேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


டிசம்பர் 22

அன்புள்ள மூக்குக்காரிக்கு,

திரைச்சீலையைப் போட்டுவிட்டு எழுதுகிறேன். வரிகள் ஏறி இறங்கியிருந்தால் பொறுத்துக்கொள்.

கோபம்தான். மார்ச்சில் உன் கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். அப்புறம் நாற்காலிக்கு அடியிலிருந்து எடுத்து நீவி வைத்தேன். இந்த ஒன்பது மாதத்தில் எத்தனை தடவை எடுத்துப் படித்தேன் என்று கேட்காதே. 'கணவர்' என்று எழுதினாயே, அந்த இடத்தில் மடிப்பு கிழிந்தேவிட்டது.

அந்த டீச்சரைப் பற்றி எழுதியதைப் படித்ததும் என் கோபம் போய்விட்டது. நான் உள்ளே புகுந்து மூன்று மூன்று என்று எழுதித்தான் இருப்பேன். என்னை நீ சரியாகத்தான் பிடித்திருக்கிறாய்.

மேலாளரிடம் போய் நின்றேன், நீ அந்த நிர்வாகியிடம் நின்ற மாதிரி. காலையிலும் நான், சாயங்காலமும் நான். "ஜோடியா ஒரு ஆள் கூட வந்தா, தலை தெளிவா இருக்குற நாள்ல மட்டும் போ" என்று இறங்கி வந்திருக்கிறார். வாரத்தில் இரண்டு நாள் மேலே போகிறேன். டூல் பெட்டியின் அடித்தட்டு காலியாக இருக்கிறது, கை போய்ப் போய்ப் பார்க்கிறது. மருந்து வரும்வரை இப்படியே தாக்குப்பிடிப்பேன். எத்தனை வருடம் ஆனாலும் வரிசையில் நிற்கிறேன்.

உன் வீட்டு லிஃப்ட் இன்னும் ஓடவில்லையா? அதை நான் வந்து பார்க்காமல் வேறு யாரையும் தொடவிடாதே.

இன்று காலையிலிருந்து வலி. இடது பக்கம், கண்ணுக்குப் பின்னால். இரண்டு முறை வாந்தி. இப்போது மூன்றாவது வரப்போகிறது. பரவாயில்லை என்று எழுதக் கை வந்தது, எழுதவில்லை. நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். பத்துக்கு ஒன்பது.

மருந்து வரும்போது வரட்டும். அதற்கு முன்னால் நீ ஒரு தடவை வா. நோட்டு வேண்டாம். பேசினை எடுத்துக்கொண்டு வா.

உன்,
லிஃப்ட்காரன்